பாத்துக் குடுங்கண்ணே

வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துகொண்டு போன பிறகு ஒரு வீடு எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடம் முகர்ந்திருக்கிறேன். அடுப்படிச் சுவரில் எண்ணெய் பிசினாக ஒட்டியிருக்கும். கழிப்பறையில் மஞ்சள் கறை கல்லாக ஏறியிருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐஸ் பெட்டிக்குள் மீனை மறந்துவிட்டுப் போயிருப்பார்கள். பெரும்பாலும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள். விடிவதற்கு முன் கிளம்பி இருட்டிய பிறகு வருகிறவர்களுக்கு வீடு என்பது படுக்கும் இடம். கழுவ நேரம் ஏது? அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

என் கோபம் அந்த வீடுகளின் முதலாளிமேல். அதில் பாதி என் கணவர்மேல். கொஞ்சம் என்மேலும்தான்.

முதலாளிக்கு ஜொகூரில், உலு திராமில் ஒன்பது வாடகை வீடுகள். இரண்டு தாமான் குடியிருப்புகளில் பரவிக் கிடக்கின்றன. அந்த ஒன்பதையும் பதினாறு வருடம் பார்த்துக்கொண்டது என் கணவர். கூரை ஒழுகினால் அவர். பைப்பு உடைந்தால் அவர். வயர் எரிந்தால், கதவு பூட்டு சிக்கினால், சாக்கடை அடைத்தால், புல் முழங்கால்வரை வளர்ந்தால் அவர். ஆள் மாறும்போது சாயம் அடிப்பதும் அவர்தான். சாயம் அடிப்பதற்கு முன்னால் வீட்டைக் கழுவுவது நான். அவருக்கு ஒரு சம்பளம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. கட்டிக்கொண்டு வந்த பெண்டாட்டி கழுவுவதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். இவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அங்கே பராமரிப்புப் பிரிவில் இருந்தவர், அதனால் எல்லா வேலையும் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் முதலாளியைப் பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். முதலாளி இவரைவிடப் பன்னிரண்டு பதிமூன்று வயது மூத்தவர். லோரி ஓட்டி, லோரி வாங்கி, அப்புறம் வீடு வீடாக வாங்கி மேலே வந்தவர். அதைக் குறை சொல்லவில்லை. உழைத்தார், வாங்கினார். சாப்பாட்டு மேசையில் இவர் தோளில் கை போட்டு, "டேய், நம்ம லயத்துப் பையன் சும்மா இருக்கலாமா? என் வீட்டுல ஒரு கூரை ஒழுகுது, வந்து பாரு" என்றார்.

இரண்டு நாள் வேலை. ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடுகளை மாற்றி, அழுகிப்போன கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டை வைத்து, தகரம் அடித்து முடித்தார். முதலாளி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பையில் கையை விட்டுக்கொண்டு, "எவ்வளவு தம்பி?" என்று கேட்டார்.

"பாத்துக் குடுங்கண்ணே."

அதுதான் அன்றைக்கு இவர் சொன்னது. முதலாளி பார்த்தார். நூறு வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாளுக்கு, இரண்டு பேருக்கு. இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். சொந்தக்காரர், தெரிந்தவர், ஒரே தோட்டத்து ஆள் என்றால் கூலியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் பேராசைக்காரன் என்று பெயர் வரும். நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்று விட்டுவிட வேண்டும். கொடுக்கிறவனுக்கு வெட்கம் இருந்தால் கூடக் கொடுப்பான் என்பது எண்ணம். கொடுக்கிறவனுக்கு வெட்கம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

இவர் வாய் செத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மலாய்க்காரர் வீட்டுக்கோ சீனர் கடைக்கோ போனால் விலையைப் பட்டென்று சொல்வார். ஒருமுறை பக்கத்துத் தாமானில் ஒரு மலாய் வாத்தியாருக்கு கேட் சரிசெய்து கொடுத்தார். வாத்தியார் எவ்வளவு என்று கேட்டு முடிப்பதற்குள், "லாப்பான் பூலு, சிகு" என்றார். எண்பது வெள்ளி. வாத்தியார் எடுத்துக் கொடுத்தார், இவர் ஒரு கையால் வாங்கிச் சட்டைப்பையில் போட்டார், முடிந்தது. மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது நான் கேட்டேன்.

"அவருகிட்ட மட்டும் எப்படி வாய் வருது?"

"அவங்க வேற. நம்ம ஆளுகிட்ட காசு பேசுனா நல்லாவா இருக்கும்?"

"நம்ம ஆளு கொறச்சுக் குடுத்தா மட்டும் நல்லா இருக்குதா?"

மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்பதுபோல் ஓட்டினார்.

இரண்டாவது வருடம் முதலாளி மூலை வீட்டின் பின்கட்டைக் காட்டினார். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை. "இங்கயே வந்து இருந்துக்குங்க. வாடகை வேணாம். குடும்பம் மாதிரிதானே." நாங்கள் வந்தோம். சந்தோஷமாகத்தான் வந்தோம், பொய் சொல்ல மாட்டேன். மகளைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது, வாடகை மிச்சம் என்றால் பெரிய விஷயம். ஆனால் அதற்குப் பிறகு இவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இல்லாமல் போனது. ஒன்பது வீட்டில் குடியிருந்தவர்களுக்கும் நாங்கள் இருக்கும் இடம் தெரியும். தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள், தண்ணீர் வரவில்லை என்று. தலையில் எண்ணெயோடு போனார்.

மாதச் சம்பளம் எண்ணூறில் ஆரம்பித்தது. பிறகு ஆயிரம். பிறகு ஆயிரத்து இருநூறு. பதினாறு வருடத்தில் இரண்டே முறை ஏறியது. இரண்டு முறையும் முதலாளியே பார்த்து ஏற்றினார். அரசாங்கம் கொடுக்கச் சொல்லும் ஆகக் குறைந்த சம்பளத்துக்கும் அது கீழே என்று எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. சேமநிதி கிடையாது, காப்புறுதி கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. மாதக் கடைசியில் முதலாளியின் கார் மூலை வீட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். இவர் ஓடுவார். கார்க் கண்ணாடி பாதி இறங்கும். உறை வெளியே வரும். கார் இன்ஜினை ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

தீபாவளிக்குச் சட்டையும் சேலையும் வரும். சட்டை எப்போதும் இவருக்கு இரண்டு அளவு பெரியது. பதினாறு வருடம் பார்த்த ஆளின் அளவு தெரியவில்லை. நான் தையல் பிரித்துத் தைத்துக் கொடுப்பேன், இவர் அதைப் போட்டுக்கொண்டு போய் முதலாளி காலில் விழுந்துவிட்டு வருவார்.

போன வருடம் ஒரு வீட்டில் கூரைக்குள் இருந்த தேங்கி, அதான் தண்ணீர் டேங்க், வெடித்துவிட்டது. பழைய தேங்கியை அறுத்து இறக்கிவிட்டுப் புதுசை மேலே ஏற்ற வேண்டும். இரண்டு ஆள் வேலை. இன்னொரு ஆளைப் போட்டுக்கொள்ளவா என்று இவர் போனில் கேட்டார். "சின்னத் தேங்கிதானேடா, கயித்தக் கட்டி இழு" என்றார் முதலாளி. இவர் கயிற்றைக் கட்டி இழுத்தார். தேங்கி மேலே போனது. இவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாக இருந்தது. மூன்று நாள் வாயுப்பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டார். நான்காம் நாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். குடலிறக்கம். அறுத்துத் தைத்தார்கள். மூன்று மாதத்துக்கு எந்தப் பாரமும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிள் பழம், சத்துமாவு டின், இருநூறு வெள்ளி வைத்த ஓர் அங்பாவ் உறை. "உடம்பப் பாருடா தம்பி. மத்ததெல்லாம் பிறகு பேசிக்கலாம்" என்றார். இவர் படுக்கையில் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

மத்ததெல்லாம் பிறகு பேசவில்லை. அந்த மாதக் கடைசியில் கார் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மகள் பத்து பாகாட் ஊரிலிருந்து பணம் அனுப்பினாள். அவள் வீட்டிலும் இரண்டு குழந்தைகள்.

ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் வீடு கழுவினேன். ஆள் காலி செய்தால் முதலாளி எனக்கு போன் பண்ணுவார், நான் போவேன். வேலைக்கு இவர் போக முடியாவிட்டாலும் நாமாவது உதவியாக இருக்கிறோம் என்று காட்ட நினைத்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அப்படிப் போன ஒரு வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் துடைத்தபோது ஒரு காகிதம் கிடைத்தது. வெளி ஆள் ஒருவர் வந்து வேலை செய்துவிட்டுப் போட்ட பில். தொட்டியின் பைப்பு மாற்றியது, இரண்டு குழாய், ஒரு சுவிட்சு. சாமான் தொண்ணூறு. கூலி முன்னூற்று எழுபது. கீழே முதலாளியின் கையெழுத்து, பணம் கொடுத்தாகிவிட்டது என்று. எல்லாம் ஒரு காலைப் பொழுது வேலை. அதே தொட்டியை இவர் நான்கு முறை சரிசெய்திருக்கிறார்.

ஈரத் தரையில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழவில்லை. தொட்டியை மட்டும் கழுவாமல் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இவர் பில்லைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "வெளி ஆளு அப்படித்தான் கேப்பான்" என்றார்.

"கேட்டான், குடுத்தாரு. நீங்க எப்பக் கேட்டீங்க?"

"நான் கேட்டா அண்ணன் மூஞ்சி சுருங்கிப்போயிரும்."

"உங்க வயித்துல தையல் போட்டப்ப அவரு மூஞ்சி சுருங்குச்சா?"

இவர் பில்லை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு முதலாளி வீட்டுக்குப் போனோம். நான்தான் கட்டாயப்படுத்தினேன். இரண்டாயிரத்து இருநூறு கேட்க வேண்டும் என்று முடிவுசெய்திருந்தோம். தொழிற்சாலை மூடுவதற்கு முன் இவர் வாங்கியதைவிட அது ஒன்றும் பெரிய உயர்வு இல்லை. மோட்டாரில் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சிவப்பு விளக்குச் சந்தியில் நின்றபோதுகூட, "ரெண்டாயிரத்தி இருநூறு, ரெண்டாயிரத்தி இருநூறு" என்று முணுமுணுத்தார். பக்கத்து மோட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான்.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். முதலாளியின் மனைவி பால் சேர்க்காத தே ஓ தேநீர் கலக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என்னடா தம்பி, தேவலையா?"

"பரவாயில்லண்ணே."

"அப்ப திங்கக்கெழம வந்துரு. கடைசி வீட்டுல சீலிங் ஒழுகுதாம்."

இவர் தலையாட்டினார். நான் நாற்காலிக் காலைக் காலால் இடித்தேன்.

"அண்ணே, வந்து... சம்பளம் கொஞ்சம்..."

"ம். சொல்லு. எவ்வளவு எதிர்பாக்குற?"

கேட்டுவிட்டார். நேராகவே கேட்டுவிட்டார். இவர் வாயைத் திறந்தார். தே ஓ கோப்பையைப் பார்த்தார்.

"பாத்துக் குடுங்கண்ணே."

எனக்கு அந்த நிமிடம் இவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அறைந்திருந்தாலும் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கைப்பையிலிருந்து பில்லை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ரெண்டாயிரத்தி இருநூறு வேணும்ணே. படுத்துக் கெடந்த ரெண்டு மாசச் சம்பளமும் வேணும். உங்க தேங்கியத் தூக்கித்தான் படுத்தாரு. நான் இனிமே கழுவுனா ஒரு வீட்டுக்கு எரநூறு."

முதலாளி பில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார்.

"அலமாக். தங்கச்சி தோட்டத்துலயே இருந்திருந்தா கணக்கெழுதற பெரிய கிராணியா ஆயிருக்கும்."

"அரை நாளு வேலைக்கு முன்னூத்தி எழுவது குடுத்திருக்கீங்கண்ணே."

"அந்த ஆளு லைசென் வச்சிருக்கான் லா. லோரி வச்சிருக்கான்."

"பைப்பு மாத்த லோரி எதுக்குண்ணே?"

சிரிப்பு நின்றது. "நீங்க இருக்கிற பின்கட்ட வெளிய விட்டா அஞ்சு நூறுக்கு எடுக்க ஆளு வரிசையில நிக்குது. நான் ஒரு நாளாச்சும் வாடகைன்னு வாயத் தொறந்திருக்கனா?"

"தொறக்கல. அந்த அஞ்சு நூறையும் சேத்துக்கிட்டாலும் நான் கேக்கறது வரலியே. நான் கழுவுனதுக்கு என்ன?"

"உன்னக் கழுவச் சொல்லி நான் கூலி பேசுனனா?"

"பேசல."

"பின்ன?"

"அதத்தான் கேக்குறேன்."

இவர் என் கையைப் பிடித்தார். "நீ சும்மா இரு" என்றார். என்னிடம்தான் சொன்னார். முதலாளியிடம் திரும்பி, "அவ கொஞ்சம் மனசு சரியில்லாம இருக்கா, தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றார்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உனக்கும் வயசாயிருச்சு தம்பி. வயித்துலயும் கத்தி வச்சாச்சு. நானா இருக்கவும் வச்சிருக்கேன். வெளிய போனா யாரு கூப்புடுவா? சரி, நூறு வெள்ளி ஏத்தித் தர்றேன். போய் வேலையப் பாரு."

"சரிங்கண்ணே."

இவர் எழுந்து கும்பிட்டார். பில்லைத் திரும்பக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நான் தே ஓவைத் தொடவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், இனிமேல் ஒரு வீட்டையும் கழுவ மாட்டேன் என்று. இரண்டு வாரம் கழித்து, ஆறு பேர் தங்கியிருந்த ஒரு வீடு காலியானது. முதலாளி எனக்குக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. இவருக்குக் கூப்பிட்டார். "சொல்லிர்றேண்ணே" என்றார் இவர். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வாளியையும் பிரஷ்ஷையும் மோட்டாரில் கட்டிக்கொண்டு போனார். பெண்டாட்டி வரமாட்டேன் என்கிறாள் என்று முதலாளியிடம் சொல்ல வெட்கம். நான் முதலாளியை அடிக்க ஓங்கிய கை இவர்மேல்தான் விழுந்தது.

பதினோரு மணி வரைக்கும் வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு நடந்தே போனேன். கழிப்பறையில் முட்டி போட்டுக்கொண்டு, ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஆசிட்டு பத்தல" என்றார்.

பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று முதலாளிக்கு போன் பண்ணினேன். "அண்ணே, இந்த வீட்டுக்கு எரநூறு. சரின்னா இப்பக் கழுவுறேன். இல்லன்னா சாவிய உங்க கேட்டுல மாட்டிட்டுப் போறேன். நாளைக்குப் புது ஆளு வருதுன்னு தெரியும்."

"சரி, கழுவு" என்றார். சாயங்காலம் வந்தார், நான்கு ஐம்பது வெள்ளி நோட்டுகளை என் கையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு வருடத்தில் நான் சம்பாதித்த முதல் பணம். அதை இரண்டு நாள் செலவு செய்யாமல் அரிசி டின்னில் வைத்திருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாதக் கடைசியில் கார் வந்தது. இரண்டு ஹாரன். இவர் போனார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் தெரிந்தது. இவர் உறையைக் கண்ணாடிப் பக்கத்திலேயே நின்று பிரித்தார். அப்படி என்றைக்கும் பிரித்ததில்லை. ஒருவேளை அந்த நூறு ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஆசையோ என்னவோ. எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"அண்ணே, ஆயிரத்தி நூறுதான் இருக்கு."

"ஆமா. நூறு ஏத்தி ஆயிரத்தி முன்னூறு. எரநூற தங்கச்சிகிட்டக் குடுத்துட்டேனே. ஒரே வீட்டுக்குத்தானே போவுது." சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

இவர் கார்க் கதவின்மேல் கையை வைத்தார். கார் நகரவில்லை. இவர் குனிந்து பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது. மலாய் வாத்தியார் வீட்டு கேட்டுக்கு முன்னால் கேட்ட குரல்.

"போஸ். மூலாய் பூலான் டெப்பான், டுவா ரிபு டுவா ராத்துஸ்."

அடுத்த மாதத்திலிருந்து இரண்டாயிரத்து இருநூறு. மோட்டாரில் முணுமுணுத்துக்கொண்டே போன அதே தொகை. தமிழில் வராதது மலாயில் வந்துவிட்டது. அண்ணே என்று கூப்பிட்டால் சொல்ல முடியாததை போஸ் என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"என்னடா? யாருகிட்ட மலாய் பேசுற?"

"கலாவ் தாக் போலே, சாயா பெர்ஹெந்தி." முடியாது என்றால் நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்.

முதலாளி இன்ஜினை நிறுத்தினார். அன்றைக்குத்தான் முதல் முறை. காரை விட்டு இறங்கி, இவரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததா தங்கச்சி?"

"எனக்கு அவ்வளவு மலாய் வராதுண்ணே."

"ஒரே லயத்துல பொறந்தவன்னு சோறு போட்டேன் பாரு." இவரை மேலும் கீழும் பார்த்தார். தீபாவளிக்கு அவர் கொடுத்த சட்டைதான் இவர் உடம்பில் இருந்தது. "வர்ற மாசக் கடைசிக்குள்ள பின்கட்டக் காலி பண்ணிருங்க."

இவர் தலையாட்டினார். உறையைத் திருப்பிக் கொடுப்பார் என்று பயந்தேன். நல்லவேளை, கொடுக்கவில்லை. கார் போன பிறகு வாசல்படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "எப்படிச் சொன்னேன்னே தெரியல" என்றார். நானும் உட்கார்ந்தேன். இனி எங்கே போவது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

காலி செய்யும் நாளில் இவர் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார். அதை விட்டுவிட்டேன். வாளியைத் தூக்கியபோது பிடுங்கிக்கொண்டேன்.

"கழுவிட்டுப் போலாம்மா. நம்ம இருந்த எடம்தானே."

"வேணாம்."

அடுப்படிச் சுவரில் பதினான்கு வருட எண்ணெய் இருந்தது. என் சமையலின் எண்ணெய். கழிப்பறையை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. யாராவது வந்து கழுவட்டும், என்ன கூலி கேட்கிறார்களோ அதை முதலாளி கொடுக்கட்டும். ஒன்பது வீட்டுச் சாவிக்கொத்தை இவர் முதலாளி வீட்டு கேட்டில் மாட்டினார். மாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் அதைத் தொட்டுக்கொண்டே நின்றார்.

படுத்துக் கிடந்த இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. இனி வராது. தொழிலாளர் அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம் என்றார்கள். காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இருந்தது ஒரே ஒரு பில், அதுவும் வேறு ஆளுடையது.

இப்போது மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. மின்தூக்கி பாதி நாள் ஓடாது. இவர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று ஏறுவார். கூப்பிடுகிற வீட்டுக்கு வேலைக்குப் போகிறார். சாமான் பையைத் தூக்க நானும் கூடப் போகிறேன். சில மாதம் பரவாயில்லை. சில மாதம் வாடகைக்கே இழுபறி. வெளியே போனால் யார் கூப்பிடுவார்கள் என்று முதலாளி கேட்டது முழுப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இந்த உடம்பை அப்படி ஆக்கியதே அந்த ஒன்பது வீடுகள்.

விலையை இப்போது எல்லாரிடமும் மலாயில்தான் சொல்கிறார். தமிழர் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். போன வாரம் ஒரு தமிழ் வீட்டில் குளியலறை பைப்பு சுவருக்குள் உடைந்திருந்தது. ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எவ்வளவுண்ணே ஆவும்?" என்று கேட்டாள் அந்த வீட்டுப் பெண். மகள் வயதுதான் இருக்கும்.

"செராத்துஸ் லிமா பூலு."

"ஐயோ, நூத்தம்பதா? நம்ம ஆளுதானேண்ணே. தமிழ்லயே பாத்துச் சொல்லுங்க."

இவர் குனிந்து சாமான் பைக்குள் எதையோ தேடினார். உள்ளே தேட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு நிமிர்ந்து அதே தொகையை அதே மலாயில் சொன்னார். அந்தப் பெண் புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கூப்பிட மாட்டாள் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. போட்ட ஓட்டையைச் சிமெண்டு வைத்துச் சும்மாவே அடைத்துவிட்டு வந்தார்.

மோட்டாரில் கிளம்பினோம். தாமான் முனை வளைவில் மெதுவாக்கி, தலையைக் கொஞ்சம் திருப்பினார்.

"நூத்தி இருவதுன்னு சொல்லியிருக்கலாமோ?"

"நூத்தம்பதுதான்" என்றேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."